டூரிங் பைக்குக்கு விண்ட் டிஃப்ளெக்டரும் லெக் ஷீல்டும்: அட்டை வெட்டுவதில் தொடங்கி போல்ட் முறுக்குவது வரை

விடியுமுன் கிளம்பி இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கும்போது முதலில் மரத்துப் போயிருப்பது முட்டிதான். தலைக்கு ஹெல்மெட் இருக்கிறது, மார்புக்கு ஜாக்கெட், கைக்கு உறை. முட்டிக்கும் கணைக்காலுக்கும் இருப்பது ஒரு பேண்ட் துணி. காற்றை நேருக்கு நேர் வாங்குவதும் அந்த இடம்தான். 10 டிகிரி குளிரில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போனால், திறந்திருக்கும் தோலுக்கு அது ஏறக்குறைய 4 டிகிரி குளிராகத் தெரியும். கூடவே மழையும் பிடித்துக்கொண்டால் சொல்லவே வேண்டாம்.

இதற்கு எல்லோரும் முதலில் செய்வது, உயரமான விண்ட்ஷீல்டு வாங்கி மாட்டுவது. நானும் அதைத்தான் செய்தேன். மார்பில் அடித்த காற்று நின்றது. ஆனால் அதுவரை இல்லாத ஒரு தொல்லை வந்து சேர்ந்தது: ஹெல்மெட்டை யாரோ இரண்டு பக்கமும் பிடித்து உலுக்குவதுபோல் ஓர் ஆட்டம். முட்டிக் குளிர் இருந்தபடியே இருந்தது. ஷீல்டு இன்னும் உயரமாக வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், தலையில் அடிக்கும் காற்று மேலிருந்து வரவில்லை, கீழிருந்து வருகிறது என்று புரிந்தது. கடைசியில் அதைத் தீர்த்தவை, முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டுகளான ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் பொருத்திய உள்ளங்கை அளவுத் தகடுகள்.

காற்றைத் திருப்பிவிடும் இப்படிப்பட்ட தகடுதான் விண்ட் டிஃப்ளெக்டர்; காலுக்கு முன்னால் நிற்கும் மறைப்பு லெக் ஷீல்டு. அதனால் இந்த வழிகாட்டி கடையில் தொடங்காது. முதலில் காற்றைக் கண்டுபிடிப்போம்.

காற்று எந்த வழியாக வருகிறது

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் கூடும். மணிக்கு 60 கி.மீ.யில் இருக்கும் அழுத்தம் 120 கி.மீ.யில் நான்கு மடங்கு. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாத வண்டி, நெடுஞ்சாலை ஏறியதும் வேறு வண்டியாகிவிடுவது இதனால்தான். 40 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலமுள்ள ஒரு லெக் ஷீல்டை காற்றுக்கு நேராக நிறுத்தினால், 100 கி.மீ. வேகத்தில் அதன் மேல் சுமார் 4 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். 140 கி.மீ.யில் அது 8 கிலோ. கிளாம்பும் போல்ட்டும் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும்.

விண்ட்ஷீல்டின் மேல் விளிம்பைத் தாண்டும் காற்று அங்கேயே பிரிந்து சுழலத் தொடங்குகிறது. ஷீல்டுக்குப் பின்னால், அதாவது நம் மார்புக்கு முன்னால், காற்றழுத்தம் குறைந்த ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடம் பக்கங்களிலிருந்தும் கீழிருந்தும் காற்றை உறிஞ்சும். ஃபோர்க்குக்கும் டேங்குக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அதற்குப் பெரிய வாசல். அந்த வழியாக ஏறும் காற்று டேங்கின் மேல் தவழ்ந்து, மார்பில் ஏறி, ஹெல்மெட்டின் தாடைப் பகுதியில் கீழிருந்து மோதுகிறது. மேலே வரும் சுழலும் கீழே வரும் இந்த ஓட்டமும் சந்திக்கும் இடத்தில் நம் தலை இருந்தால் உலுக்கல்தான். ஷீல்டை உயர்த்த உயர்த்த வெற்றிடம் பெரிதாகும், கீழிருந்து உறிஞ்சுவதும் கூடும். உயரமான ஷீல்டு சிலருக்குத் தொல்லையைக் கூட்டிவிடுவது இதனால்தான்.

பைக் தயாரிப்பாளர்களும் இதை உடனே பிடித்துவிடவில்லை. 1975இல் வந்த ஹோண்டா கோல்ட் விங், நெடும்பயண வண்டி என்று இன்று பெயரெடுத்திருந்தாலும், அப்போது முன்னால் ஒரு மறைப்பும் இல்லாத மொட்டை வண்டி. தொழிற்சாலையிலேயே ஃபேரிங், அதாவது காற்றை ஒதுக்கும் முன்கூடு, மாட்டி வந்தது 1980இன் இன்டர்ஸ்டேட்டில்தான். பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ் 1976இல் முழு ஃபேரிங்கோடு வந்தது. அதன் வடிவத்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்துச் செதுக்கினார்கள். லெக் ஷீல்டுக்கு வயது இன்னும் அதிகம். 1946இன் வெஸ்பாவிலும் 1958இன் ஹோண்டா சூப்பர் கப்பிலும் அது வண்டியின் பிரிக்க முடியாத பாகம். சட்டை அழுக்காகாமல் வேலைக்குப் போக வேண்டும் என்பவர்களுக்காகச் செய்த வண்டிகள் அவை. பெரிய பைக் ஓட்டுபவர்கள்தான் அதை ‘ஸ்கூட்டர் சாமான்’ என்று நெடுங்காலம் ஒதுக்கிவைத்தார்கள். நஷ்டம் முட்டிக்கு.

கம்பளி நூல் சோதனை

நம்மிடம் காற்றுச் சுரங்கம் இல்லை, ஆனால் கம்பளி நூல் இருக்கிறது. பளிச்சென்ற நிறத்தில் எடுத்து 10 செ.மீ. துண்டுகளாக வெட்டி, மாஸ்கிங் டேப்பால் ஒரு முனையை மட்டும் ஒட்டுங்கள். டேங்கின் இரு பக்கங்கள், விண்ட்ஷீல்டின் உட்புறமும் மேல் விளிம்பும், கிராஷ் கார்டு (வண்டி விழுந்தால் எஞ்சினைக் காக்கும் வளைந்த குழாய்), பேண்டின் முட்டிப் பகுதி, ஜாக்கெட்டின் மார்பு என்று எல்லா இடத்திலும் ஒரு சாண் இடைவெளியில் ஒட்டினால் போதும். சக்கரம், செயின், சூடான குழாய் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

வண்டியில் பொருத்திய சிறு கேமராவோ, பக்கத்துத் தடத்தில் காரில் வரும் நண்பரோ படம் பிடிக்கட்டும். நேரான, வண்டி நடமாட்டம் இல்லாத சாலையில் சீராக 70, 80 கி.மீ.யில் ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலே எல்லாம் பதிவாகிவிடும். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நூல் பின்னோக்கிப் படுத்தபடி இருந்தால் அங்கே காற்று சீராக ஓடுகிறது. பம்பரமாகச் சுற்றினால் சுழல். நூல் முன்னோக்கி, வண்டி போகும் திசையிலேயே நீட்டிக்கொண்டிருந்தால் அங்கேதான் வெற்றிடம் உறிஞ்சுகிறது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு நம்ப முடியாது. என் வண்டியில் டேங்கின் மேல் ஒட்டிய நான்கு நூல்களும் ஹேண்டில்பாரை நோக்கிப் படுத்திருந்தன.

நூல் ஒட்டச் சோம்பலாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. சீரான வேகத்தில் ஃபுட்ரெஸ்டில் மெல்ல எழுந்து நில்லுங்கள். ஓர் உயரத்தில் ஹெல்மெட் ஆட்டம் சட்டென்று நின்று, சீரான இரைச்சல் மட்டும் கேட்கும். அதுதான் சுழலின் மேல் எல்லை. பிறகு குனிந்து பாருங்கள். குனிந்தாலும் அமைதி, எழுந்தாலும் அமைதி, உட்கார்ந்தால் மட்டும் உலுக்கல் என்றால் உங்கள் தலை சரியாக எல்லைக்கோட்டில் இருக்கிறது. விண்ட்ஷீல்டை 3, 4 செ.மீ. ஏற்றினாலோ இறக்கினாலோ தீர்ந்துவிடும். வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை.

அட்டையில் ஒரு ஒத்திகை

காற்று வரும் வாசல் தெரிந்துவிட்டது. அதை எந்த அளவுத் தகடு அடைக்கும் என்று அட்டையில் பார்த்துவிட வேண்டும். தடித்த பெட்டி அட்டை நல்லது. விளம்பரப் பலகைகளுக்குப் பயன்படும், உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் தகடு கிடைத்தால் இன்னும் நல்லது. நனையாது, கத்தியாலேயே வெட்டலாம். ஓரங்களில் துளையிட்டு கேபிள் டையால் கட்டுங்கள். ஒவ்வொரு தகட்டுக்கும் குறைந்தது மூன்று கட்டு. ஒன்று அறுந்தால் மற்ற இரண்டும் பிடித்துக்கொள்ளும்.

இந்த ஒத்திகையில் 60 கி.மீ.யைத் தாண்ட வேண்டாம். கிளம்புமுன் ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள், முன்பக்கத்தை அழுத்திப் பாருங்கள். அட்டை சக்கரத்தில் சிக்கினால் விளையாட்டு முடிந்துவிடும்.

நான் இந்த ஒத்திகையில் நான்கு வடிவம் வெட்டினேன். முதலாவது பெரிது, ஏறக்குறைய ஒரு நோட்டுப் புத்தக அளவு. கடைசியில் நின்றது அதில் பாதி. காற்றைத் தடுத்து நிறுத்துவதைவிட, சற்றுச் சாய்த்துவைத்து வெளிப்பக்கம் திருப்பிவிடுவதற்குச் சிறிய தகடே போதும். வண்டியின் நீளவாட்டுக்கு 30 டிகிரி அளவில் சாய்த்தால் காற்று முட்டிக்கு வெளியே ஒதுங்கிப் போகிறது. நேராக, செங்குத்தாக நிறுத்தினால் முட்டிக்குக் காற்று வராது, ஆனால் தகட்டின் விளிம்பில் புதிதாக ஒரு சுழல் பிறக்கும். அது நேராகத் தொடையில் வந்து தட்டும்.

எதை, எங்கே, எந்த வரிசையில்

என் கணக்கில் வரிசை இது. முதலில் ஃபோர்க்கின் இடைவெளியை அடைக்கும் கீழ் டிஃப்ளெக்டர். அளவு சிறியது, பலன் பெரியது. ஹெல்மெட் உலுக்கலில் பெரும்பகுதி இங்கேயே அடங்கிவிடும். இரண்டாவது கை மறைப்பு, அதாவது ஹேண்ட் கார்டு. விரல் மரத்தால் பிரேக்கைச் சரியாகப் பிடிக்க முடியாது என்பதால் இது வசதியைவிடப் பாதுகாப்பு சார்ந்தது. மூன்றாவது லெக் ஷீல்டு. விண்ட்ஷீல்டின் தலையில் கிளிப் போட்டு மாட்டும் குட்டி டிஃப்ளெக்டரை நான் கடைசியில்தான் வைப்பேன். சிலருக்கு அது அருமையாக வேலை செய்கிறது. எனக்கு நெடுஞ்சாலையில் கண்ணுக்கு நேரே ஒரு கோடு ஓடிக்கொண்டே இருந்தது, கழற்றிவிட்டேன். விண்ட்ஷீல்டின் மேல் விளிம்பு எப்போதும் கண் பார்வைக்குக் கீழே, மூக்கு உயரத்தில் நிற்பதே நல்லது. இரவு மழையில் கீறல் விழுந்த பிளாஸ்டிக் வழியாகச் சாலையைப் பார்க்கும் நிலை யாருக்கும் வேண்டாம்.

செலவே இல்லாத ஒரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். விண்ட்ஷீல்டின் கீழ் போல்ட்டுகளுக்குப் பின்னால் 10, 15 மி.மீ. உயர ஸ்பேசர் வைத்து, ஷீல்டுக்கும் ஹெட்லைட் கூட்டுக்கும் நடுவே ஒரு சந்து விட்டுப் பாருங்கள். அந்தச் சந்து வழியே நுழையும் கொஞ்சம் காற்று, பின்னால் இருக்கும் வெற்றிடத்தை நிரப்பிவிடும். கீழிருந்து உறிஞ்சுவதும் தானாகக் குறையும். போல்ட் அந்த அளவுக்கு நீளமாக வேண்டும், அவ்வளவுதான்.

இனி ஒரு முக்கியமான முடிவு: தகட்டை ஃபோர்க்கில் பொருத்துவதா, வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) பொருத்துவதா? ஃபோர்க்கில் பொருத்தினால் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும். எப்போதும் சக்கரத்தின் திசையிலேயே நிற்கும். ஆனால் அதன் மேல் படும் காற்று முழுவதும் ஸ்டியரிங்கில் தெரியும். பக்கக் காற்று வீசினால் தகடு பாய்மரமாகி ஹேண்டிலைத் திருப்பப் பார்க்கும். அதனால் ஃபோர்க்கில் உள்ளங்கை அளவுக்கு மேல் எதையும் பொருத்த வேண்டாம். லெக் ஷீல்டு போன்ற பெரிய தகடுகள் கிராஷ் கார்டிலோ சட்டத்திலோதான் உட்கார வேண்டும்.

எந்தப் பொருளில் செய்வது

கண்ணாடிபோல் தெரியும் தகடுகள் இரண்டு வகை. அக்ரிலிக் பளபளப்பானது, எளிதில் கீறாது. ஆனால் கல் பட்டால் தெறித்து உடையும், துளையிடும்போதே விரிசல் விடும். பாலிகார்பனேட் சுத்தியலால் அடித்தாலும் உடையாது, ஆனால் துணியால் துடைத்தாலே கீறும். முட்டிக்கு முன்னால் வைக்கும் தகட்டுக்கு 3 மி.மீ. பாலிகார்பனேட்தான் என் தேர்வு. உடைந்த அக்ரிலிக் கத்திமுனைபோல் இருக்கும்; அது கால் பக்கத்தில் வேண்டாம். தகட்டின் ஒரு பக்கத்தில்தான் வெயில் தாங்கும் பூச்சு இருக்கும் வகையும் உண்டு. மேலே ஒட்டிய பாதுகாப்புத் தாளில் அது குறித்திருக்கும். அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். தாளை உரித்தபின் எந்தப் பக்கம் எது என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் முதலிலேயே பேனாவால் குறித்துவையுங்கள்.

ஒளி ஊடுருவ வேண்டியதில்லை என்றால் ஏபிஎஸ் பிளாஸ்டிக் நல்லது, வண்டியின் மற்ற பாகங்களோடு நிறத்திலும் ஒத்துப்போகும். மடித்து வளைக்க வேண்டிய வடிவம் என்றால் ஒன்றரை முதல் 2 மி.மீ. அலுமினியம். பாலிகார்பனேட்டைச் சூடாக்கி மடிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். மணிக்கணக்கில் அடுப்பில் உலர்த்தாமல் சூடாக்கினால் மடிப்பில் வரிசையாகக் குமிழ் எழும்பும். வீட்டில் அந்த வேலை வேண்டாம். சூடாக்காமலே மெதுவாக வளைக்க முடியும், அதற்கும் ஓர் எல்லை உண்டு: வளைவின் ஆரம் தகட்டுத் தடிமனைப்போல் குறைந்தது 100 மடங்கு இருக்க வேண்டும். 3 மி.மீ. தகட்டுக்கு 30 செ.மீ. ஆரம். அதைவிட இறுக்கினால் இன்று தாங்கும், ஆறு மாதத்தில் முடிபோல் விரிசல் ஓடும்.

விரிசல் என்றதும் என் சொந்தக் கதை. முதல் லெக் ஷீல்டை மாட்டியபோது, அதிர்வில் கழன்றுவிடுமோ என்று பயந்து போல்ட் எல்லாவற்றுக்கும் மரையைப் பூட்டும் நீலத் திரவத்தைத் தாராளமாக ஊற்றினேன். மூன்றாம் நாள் ஒவ்வொரு துளையைச் சுற்றிலும் சிலந்தி வலைபோல் விரிசல். அந்தத் திரவம் பாலிகார்பனேட்டையும் ஏபிஎஸ்ஸையும் அரிக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பான், இவற்றுக்கும் இதே குணம்தான். பிளாஸ்டிக் பக்கத்தில் நைலான் வளையம் வைத்த நட்டு போடுங்கள். அதிர்வுக்கு அதுவே போதும்.

வெட்டுவதும் துளையிடுவதும்

ஒத்திகையில் தேறிய அட்டையை அப்படியே வார்ப்பாக வைத்துத் தகட்டின் பாதுகாப்புத் தாள் மேல் வரையுங்கள். இடது பக்கம் வெட்டியதும் அட்டையைக் கவிழ்த்துப் போட்டு வலது பக்கம் வரைய வேண்டும். சிரிக்காதீர்கள், இரண்டு இடது லெக் ஷீல்டு வெட்டிவைத்தவர்கள் உண்டு. மூலைகள் எல்லாம் குறைந்தது ஒரு செ.மீ. ஆரத்தில் உருண்டு இருக்கட்டும். கூர்மூலையில்தான் விரிசல் பிறக்கும்; விழுந்தால் குத்துவதும் அதுதான்.

நுண்பல் பிளேடு போட்ட ஜிக்சா இருந்தால் சுகம். ஹேக்சா பிளேடும் வேலை செய்யும், பொறுமை வேண்டும். தகட்டை மேசையோடு இறுக்கிப் பிடித்து, வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி வெட்டிய இடமே மறுபடி ஒட்டிக்கொள்ளும். வெட்டியபின் விளிம்பை அரத்தால் சீவி, 120, 240, 400 என்று உப்புத்தாளால் வரிசையாகத் தேயுங்கள். இதை அழகுக்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். விளிம்பில் இருக்கும் ஒவ்வொரு சிறு பள்ளமும் நாளைய விரிசலின் தொடக்கம். மேலே ஈபிடிஎம் ரப்பர் பீடிங் மாட்டினால் முழங்காலுக்கும் இதம், காற்று விசில் அடிப்பதும் நிற்கும். மலிவான பிவிசி பீடிங் வேண்டாம், அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருளும் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது.

துளைக்கு ஒரு கணக்கு. பாலிகார்பனேட் வெயிலில் நீளும். அரை மீட்டர் நீளத் தகடு, குளிர்காலைக்கும் நடுவெயிலுக்கும் இடையே 40 டிகிரி வித்தியாசம் என்றால் 1.3 மி.மீ. போல நீளும். போல்ட் துளையில் இறுகப் பிடித்திருந்தால் நீள இடமில்லாமல் துளையின் ஓரத்தில் பிளக்கும். அதனால் எம்5 போல்ட்டுக்கு 6.5 முதல் 7 மி.மீ. துளை போட்டு, நடுவில் ரப்பர் குரோமெட், அதாவது துளைக்குள் உட்காரும் ரப்பர் வளையம், வையுங்கள். துளையின் மையம் விளிம்பிலிருந்து துளை விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். அடியில் மரக்கட்டை வைத்து, 3 மி.மீ.யில் ஆரம்பித்து, படிப்படியாகப் பெரிதாகும் ஸ்டெப் டிரில்லால் மெதுவாக அகலப்படுத்துங்கள். உலோகத்துக்குத் தீட்டிய புது டிரில் முனை பிளாஸ்டிக்கைக் கவ்வி இழுத்துப் பிளந்துவிடும்.

வண்டியில் பொருத்துவது

கிராஷ் கார்டுக் குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து வாங்குங்கள். 22, 25, 28, 32 மி.மீ. என்று பல அளவு உண்டு, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு மி.மீ. பெரிய கிளாம்ப், 4 கிலோ காற்று விசையில் மெல்ல மெல்லச் சுழன்று தகட்டைத் திருப்பிவிடும். கிளாம்புக்கு உள்ளே பழைய ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர்ப் பட்டை ஒரு சுற்று. அது பிடியும் தரும், பெயின்ட்டையும் காக்கும், துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டு அரித்துக்கொள்வதையும் தடுக்கும்.

ஒவ்வொரு லெக் ஷீல்டுக்கும் மூன்று பிடிப்பு வேண்டும். இரண்டில் நிறுத்தினால் அவை இரண்டையும் இணைக்கும் கோட்டைச் சுற்றித் தகடு படபடக்கும். எல்லாவற்றையும் முதலில் விரலால் மட்டும் முறுக்கி நிறுத்தி, சாய்வையும் இடைவெளியையும் சரிசெய்தபின் இறுக்குங்கள். கிளாம்பின் எம்6 போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் சரி, தயாரிப்பாளர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுதான். பிளாஸ்டிக்கைப் பிடிக்கும் போல்ட்டுக்கு டார்க் ரெஞ்சு தேவையில்லை: அகன்ற வாஷர், ரப்பர், தகடு, ரப்பர், வாஷர், நட்டு என்று அடுக்கி, ரப்பர் லேசாகப் பிதுங்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். ‘இன்னும் கால் திருப்பு’ என்று கை அரிக்கும். வேண்டாம்.

பிளாஸ்டிக்கைப் பிடிக்கும் போல்ட்டுகளை நான் நைலானில் போடுகிறேன். வண்டி விழுந்தால் அவை முதலில் அறுந்து தகடு கழன்றுகொள்ளும். இது ஏன் முக்கியம் என்றால், லெக் ஷீல்டு காற்றுக்கும் மழைக்கும் சேற்றுக்கும் மட்டுமே கவசம். மோதலில் எலும்பைக் காக்கும் வலு அதற்குக் கிடையாது. அசையாமல் பிடித்து நிற்கும் தகடு, விழும்போது காலை உள்ளே சிக்கவைக்கும். அதே காரணத்தால் தகட்டின் வெளி விளிம்பு கிராஷ் கார்டின் வளைவைத் தாண்டி நீட்டக் கூடாது. வண்டி சாய்ந்தால் தரையைக் கிராஷ் கார்டு தொட வேண்டும், தகடு தொடக் கூடாது.

நகரும் பாகங்களைப் பாருங்கள்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டுபவர்கள்தான் அதிகம். ஹேண்டிலை இடது கோடி முதல் வலது கோடி வரை திருப்புங்கள். தகடு, கேபிள், பிரேக் குழாய் எதுவும் எதையும் தொடவோ இழுக்கவோ கூடாது. பிறகு நியூட்ரலில் எஞ்சினை ஓட்டவிட்டு அதே மாதிரி திருப்புங்கள். திருப்பும்போது எஞ்சின் சத்தம் ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அதைச் சரிசெய்யாமல் தெருவில் இறங்க வேண்டாம். ஹேண்ட் கார்டு போட்டிருந்தால், ஆக்ஸிலரேட்டரை முறுக்கி விட்டதும் டக்கென்று திரும்புகிறதா, பிரேக் லீவர் முழுவதுமாக வருகிறதா என்று பாருங்கள். மெல்லிய ஹேண்ட் கார்டைக் காற்று பின்னோக்கித் தள்ளி, பிரேக் லீவரையே லேசாக அழுத்திப் பிடித்துவிடும். நிற்கும்போது தெரியாது. கையால் நன்றாக அழுத்திப் பார்த்து, லீவருக்கும் அதற்கும் குறைந்தது இரண்டு விரல் இடைவெளி இருப்பதை உறுதி செய்யுங்கள்.

ஃபோர்க் எவ்வளவு அமுங்கும் என்பது கையேட்டில் இருக்கும். முன் மட்கார்டு அவ்வளவு மேலே வந்தாலும் தகட்டுக்கு 2 செ.மீ. மிச்சம் இருக்க வேண்டும். இதைச் சோதிக்க, ஃபோர்க் தண்டில் ஒரு மெல்லிய கேபிள் டையைக் கட்டிவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். அது மேலேறி நிற்கும் இடம் உண்மையைச் சொல்லும்.

காலுக்கான சோதனையை வீட்டுச் செருப்போடு செய்யக் கூடாது. பயணத்தில் போடும் பூட்ஸையும் மழைப் பேண்டையும் போட்டுக்கொண்டு உட்காருங்கள். கியர் மாற்றுங்கள், பின் பிரேக்கை மிதியுங்கள், சட்டென்று காலைத் தரையில் ஊன்றுங்கள். பத்து முறை. மழைப் பேண்டின் மடிப்பு ஒரு முறை தகட்டில் மாட்டினாலும் அந்த விளிம்பை வெட்டிக் குறைக்க வேண்டியதுதான்.

ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன் எதையும் தகடு மறைக்கக் கூடாது. வெளியே பொருத்தும் பாகங்களுக்கு உங்கள் பகுதியில் என்ன விதி என்பதையும் வெட்டுமுன் பார்த்துவிடுங்கள்.

சூடு

ரேடியேட்டர் உள்ள வண்டி என்றால், அதற்குள் போகும் காற்றை மட்டும் பார்த்தால் போதாது. பின்னால் வெளியேறும் வழியும் திறந்திருக்க வேண்டும். பலர் முன்பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, பக்கவாட்டில் சூடான காற்று தப்பிக்கும் இடத்தை லெக் ஷீல்டால் அடைத்துவிடுகிறார்கள். விசிறி அடிக்கடி ஓடுவதும், வெப்பமானி முள் வழக்கத்தைவிட உயரே நிற்பதும் அதற்கு அடையாளம். காற்றால் குளிரும் எஞ்சினில் சிலிண்டர் இறக்கைகளுக்கு நேரே எதுவும் நிற்கக் கூடாது. லெக் ஷீல்டின் உள் விளிம்பு சிலிண்டரின் அகலத்துக்கு வெளியே நிற்கட்டும். அந்த இடைவெளி வழியாகச் சூடான காற்று முட்டிப் பக்கம் வரும். குளிரில் அது வரம், கோடையில் தண்டனை. லெக் ஷீல்டைக் கழற்றக்கூடியதாகச் செய்யச் சொல்வது இதற்குத்தான்.

ஏபிஎஸ் 100 டிகிரி வாக்கிலேயே தளரும், பாலிகார்பனேட் 140 டிகிரியைத் தாண்டும் வரை தாங்கும். சைலன்சர் குழாய் எஞ்சினை விட்டு வெளியே வரும் இடத்தில் சூடு பல நூறு டிகிரி. குறைந்தது 5 செ.மீ. தள்ளி வையுங்கள். இடம் போதாத இடத்தில் நடுவே ஒரு அலுமினியத் தகட்டை, இரண்டையும் தொடாமல், தனியே நிறுத்துங்கள்.

துணியில் தைத்து மாட்டும் மென் கவசங்களும் உண்டு. தடித்த வினைல் துணியைக் கிராஷ் கார்டின் மேல் உறைபோல் இழுத்துக் கட்டுவது. வெட்டவோ துளையிடவோ வேண்டாம், கழற்றிச் சுருட்டிப் பையில் போடலாம். குளிர்காலத்துக்கு மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். படபடக்காமல் மத்தளத் தோல்போல் விறைப்பாகக் கட்டினால் சரி.

சாலைச் சோதனை

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலை ஏற வேண்டாம். ஒன்றை மாட்டி, ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்தது. அப்போதுதான் எது என்ன செய்தது என்று தெரியும். முதல் சுற்று 40 கி.மீ., அடுத்தது 60, பிறகு பத்துப் பத்தாக. பயணத்தில் எடுத்துப்போகும் பெட்டிகளோடும் ஒருமுறை. பின்பாரம் முன்சக்கரத்தின் பிடியை மாற்றிவிடும், வெறும் வண்டியில் அமைதியாக இருந்தது பெட்டியோடு ஆடலாம்.

ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஹேண்டில் மட்டும் கை உதறுவதுபோல், நொடிக்கு 6 முதல் 10 முறை நடுங்குவது ஒன்று. வண்டி முழுவதும் பாம்புபோல் நெளிவது மற்றது. அது நொடிக்கு 2 முதல் 4 முறை. எது வந்தாலும் பிரேக்கைப் பிடிக்காதீர்கள், ஹேண்டிலை இறுக்காதீர்கள். கையைத் தளர்த்தி, ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டு வேகம் தானாகக் குறையட்டும். வீட்டுக்கு வந்ததும் ஃபோர்க்கில் மாட்டியதை முதலில் கழற்றுங்கள். அது போனபின்னும் ஆடினால் டயர் காற்றையும் ஸ்டியரிங் பேரிங்கையும் பார்க்க வேண்டும். தகட்டின் மேல் பழி போட்டுவிட்டு தேய்ந்த பேரிங்கோடு ஓடும் வண்டிகள் நிறைய.

பக்கக் காற்றையும் கணக்கில் வையுங்கள். லாரியைத் தாண்டி முன்னால் வரும் அந்த ஒரு நொடியில், முன்பைவிட வண்டி அதிகம் தள்ளப்படும். முதல் சில நாள் தாண்டும்போது கூடுதலாக ஒரு முழம் இடம் விட்டு ஓட்டுங்கள். இரவில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும் அவசியம். ஒளி ஊடுருவும் கீழ் டிஃப்ளெக்டர் ஹெட்லைட் வெளிச்சத்தைக் கண்ணுக்குத் திருப்பி அடிப்பதுண்டு. உட்புறத்தில் பளபளப்பில்லாத கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் தீர்ந்தது.

பிறகு

முதல் 100 கி.மீ. முடிந்ததும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், 500இல் மறுபடி. ரப்பர் அமுங்கி இடம் கொடுப்பதால் கிளாம்ப் முதலில் கொஞ்சம் தளரும், அது இயல்பு. வெள்ளை மார்க்கரால் நட்டுக்கும் வாஷருக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டுவைத்தால், பின்னாளில் ஸ்பேனர் எடுக்காமலே கண்ணால் பார்த்துவிடலாம்.

பூச்சி அப்பிய தகட்டை உலர்ந்த துணியால் தேய்த்தால் அன்றோடு அதன் பளபளப்பு போயிற்று. ஈரத்துணியைப் பத்து நிமிடம் போர்த்திவைத்து, சோப்புத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கையால் தடவிக் கழுவுங்கள். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது தகட்டில் தெறிக்காமல் ஒரு காகிதத்தைக் குறுக்கே பிடியுங்கள்.

கோடையில் கழற்றும்போது வலது, இடது, மேல், கீழ் என்று எழுதிய சிறு பைகளில் போல்ட்டுகளையும் ரப்பர்களையும் தனித்தனியே போட்டு, தகடுகளுக்கு நடுவே பழைய போர்வை வைத்துப் படுக்கவைத்து வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்த தகடு மூன்று மாதத்தில் வளைந்து நிற்கும், துளைகள் ஒன்றுக்கொன்று சேராது. கிளாம்புகளை மட்டும் வண்டியிலேயே விட்டுவிடலாம். அடுத்த குளிருக்கு மாட்டக் கால் மணி நேரம் போதும்.